மாஸ்டர் இல்லாத முதல் வருஷம்: ஐகிடோ கிளாஸ்ல நினைவு நாள எப்படி நடத்துறது, இனிமே யாரு சொல்லிக்குடுக்கறது

தம்பி கேட்ட கேள்வி சுருக்கமா இதுதான். சேலத்துல ஒரு சின்ன ஐகிடோ கிளாஸ் (ஐகிடோங்கறது ஜப்பான் தற்காப்புக் கலை), இருபது இருபத்தஞ்சு பேரு, சொல்லிக்குடுத்த மாஸ்டர் போன வருஷம் தவறிட்டாரு, முதல் நினைவு நாள் வருது, ஹால் புடிச்சு போட்டோவுக்கு மாலை போட்டு டெமோ பண்ணா போதுமா, ஜப்பான் முறைன்னு தனியா எதாவது இருக்கா, அதவிட பெரிய பிரச்சனை இனிமே கிளாஸ யாரு எடுக்கறதுன்னு, ஏன்னா சீனியருங்க மூணு பேரும் மூணு விதமா சொல்லிக்குடுக்கறாங்க, புதுசா சேர்ந்த பசங்க குழம்பிப் போயி பாதிப் பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க.

நாங்க 9 வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துலதான் நின்னோம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல மாஸ்டர் வீட்டுல போயி பேசுங்க. திதி குடுக்கறது, தெவசம் பண்றது எல்லாம் குடும்பத்தோட விஷயம், அந்தத் தேதில நாம குறுக்க போயி நிக்கக்கூடாது, அவங்க முடிச்சதுக்கு அப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமைய நீங்க எடுத்துக்கங்க. நாங்க எங்க மாஸ்டர் வீட்டம்மாவ பாக்க ஏற்காட்டுக்குப் போனப்ப கையில ஒரு லிஸ்ட்டே வெச்சிருந்தோம், எந்த ஹாலு, யாரு சீஃப் கெஸ்ட்டு, எத்தன ஷால்வை, பேனர்ல என்ன எழுதறதுன்னு. அம்மா எல்லாத்தையும் கேட்டாங்க, காபி போட்டுக் குடுத்தாங்க, கடைசில ஒண்ணுதான் சொன்னாங்க, என்ன பண்ணாலும் விடிகாலைல பண்ணுங்கப்பா, அவரு கெளம்பறது அந்த நேரத்துக்குத்தான், அப்பத்தான் எனக்கு வீடு வெறிச்சுன்னு இருக்குன்னு. அதுக்கப்புறம் அந்த லிஸ்ட்ட யாரும் பாக்கெட்ல இருந்து எடுக்கவே இல்ல.

அவரு ஏற்காட்டுல இருந்து வாரத்துக்கு மூணு நாளு அந்த 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி அஸ்தம்பட்டிக்கு வருவாரு. மொட்டை மாடில ஒரு தகர ஷெட்டு, கீழ தென்னைநார் மெத்தை, அது மேல தார்ப்பாய இழுத்துக் கட்டியிருப்போம், அதுதான் எங்க டோஜோ. ஐப்பசி மழைல தார்ப்பாய் நனைஞ்சு வழுக்கும், அவரே மொதல்ல வந்து பழைய வேட்டிய வெச்சு தொடச்சுக்கிட்டு இருப்பாரு, நாங்க வர்றப்ப பாதி முடிஞ்சிருக்கும்.

ஜப்பான் முறை பத்தி கேட்டீங்க. ஐகிடோவ உருவாக்குன மொரிஹெய் உயெஷிபா, நாம ஓ-சென்செய்னு சொல்றவரு, 1883ல பொறந்து 1969 ஏப்ரல் 26ல காலமானாரு. அவரு 1942ல டோக்கியோவ விட்டுட்டு இபராகி மாகாணத்துல இவாமாங்கற ஊருக்குப் போயி, நிலத்துல பாடுபட்டுக்கிட்டே பயிற்சியும் பண்ணாரு, அங்க ஐகிடோவுக்குன்னே ஒரு கோயிலும் கட்டுனாரு. வருஷா வருஷம் ஏப்ரல் 29ம் தேதி அங்க தைசாய்னு ஒரு விழா நடக்குது. அவரு நம்பிக்கை வெச்சிருந்த ஓமோட்டோ மார்க்கத்து பூசாரிங்க சடங்கு பண்ணுவாங்க, அவரு வம்சத்துல தலைமைப் பொறுப்புல இருக்கற டோஷு, இப்ப அது பேரன் மொரிதெரு, சந்நிதி முன்னாடி டெக்னிக் பண்ணிக் காட்டுவாரு, அப்புறம் வந்தவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவாங்க. கும்புட்டு, கத்துக்கிட்டத காட்டி, சேர்ந்து சாப்புடறது, அவ்வளவுதான் விஷயம், நம்ம ஊரு கோயில் திருவிழால சிலம்பக்காரங்க வந்து ஆடிட்டுப் போறதுக்கும் இதுக்கும் பெரிய தூரம் ஒண்ணும் இல்ல. சிலம்பத்துலயும் ஆசானுக்கும் தரைக்கும் வந்தனம் சொல்லாம கம்பத் தூக்க மாட்டாங்க இல்ல. அதனால நீங்க ஜப்பான் சடங்க காப்பி அடிக்க வேண்டியது இல்ல.

ஆனா போட்டோ வெக்கறதுல ஒரு கவனம் வேணும். எங்க கிளாஸ்ல எல்லா மதத்துப் பசங்களும் இருந்தாங்க, ஒரு பையனோட அப்பா, போட்டோவுக்கு கும்புட சொல்வீங்களான்னு கேட்டு வந்தாரு. மாஸ்டர் உயிரோட இருக்கறப்பவே இதுக்கு வழி வெச்சிருந்தாரு, முன்னாடி ஓ-சென்செய் படம் மட்டும் இருக்கும், தல குனியறது மரியாதைக்கு மட்டும், யாருக்கு மனசு ஒப்பலையோ அவங்க நேரா உக்காந்து கண்ண மூடிக்கலாம்னு. நாங்க அதையே வெச்சுக்கிட்டோம், நடுவுல ஓ-சென்செய், கொஞ்சம் தள்ளி கீழ எங்க மாஸ்டர் படம், ஒரு முழம் மல்லி, சூடம் கெடையாது. குத்துவிளக்க மேட் பக்கத்துல வெக்காதீங்க, அந்த ரப்பர் மேட்டு புடிச்சா நிக்காது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன், சீனியருங்க மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்கன்னீங்களே, அது. எங்களுக்கும் நடந்துச்சு, முதல் நினைவு நாள் அன்னைக்கே சண்டையா வெடிச்சுது.

எங்க மாஸ்டர் கடைசி ஆறு ஏழு வருஷம் டென்கான் பண்ணும்போது, அதாவது ஒருத்தன் மணிக்கட்ட புடிச்சதும் அவன் பக்கத்துல போயி திரும்பற அந்த அடிப்படை அசைவு, பின்கால முழுசா சுத்தாம பாதி எடுத்து வெச்சு நிறுத்திப்பாரு. அந்தக் காலத்துல சேர்ந்த பசங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க, கேட்டா அதுலதான் சூட்சுமம் இருக்குன்னு சொல்வாங்க. நாங்க பழைய பேட்ச்சு முழுசா சுத்துவோம். நினைவு நாள்ல ரெண்டு பேட்ச்சும் ஜோடி சேர்ந்து பண்ணப்ப, நீ பண்றது தப்பு, மாஸ்டர் எனக்கு இப்படித்தான் சொல்லிக்குடுத்தாருன்னு ஆரம்பிச்சு குரல் ஏறிடுச்சு. உண்மை என்னன்னா அவருக்கு வலது முட்டில ஜவ்வு தேய்ஞ்சு போயிருந்துச்சு, இருவது வருஷம் அந்த நார் மெத்தை மேல முட்டி போட்டே சுவாரி வாசா பண்ணவரு, கால முழுசா சுத்துனா வலி தாங்காது. அது எங்களுக்குத் தெரியும், புதுப் பசங்களுக்குத் தெரியாது, அவரும் வலிய வெளிய சொல்ற ஆளு இல்ல. வாத்தியாரோட வலிய பசங்க டெக்னிக்குன்னு நினைச்சு பத்திரமா வெச்சிருந்தாங்க. எனக்கு அன்னைக்குக் கோவம் வந்துச்சு, இப்ப நினைச்சா அந்தப் பசங்க எவ்வளவு உத்துப் பாத்திருக்காங்கன்னுதான் தோணுது.

இது நம்ம ஊருல மட்டும் நடக்கற கதை இல்ல. ஓ-சென்செய்கிட்ட 1932ல போயி சேர்ந்தவரு கோசோ ஷியோடா, போருக்கு முன்னாடி கட்டுமஸ்தா கடுமையா சொல்லிக்குடுத்த காலம் அது, அவரு பின்னாடி 1955ல யோஷின்கான்னு ஆரம்பிச்சு அந்த உறுதியான பாணிய கொண்டு போனாரு. மொரிஹிரோ சைடோ 1946ல இவாமாவுக்குப் போயி ஓ-சென்செய் போற வரைக்கும் கூடவே இருந்தவரு, அவருகிட்ட கத்துக்கிட்டவங்களுக்கு ஜோங்கற கம்பும் பொக்கென்ங்கற மரவாளும் இல்லாம ஐகிடோவே கெடையாது. அம்பது அறுபதுகள்ல டோக்கியோல பாத்தவங்களுக்கு வேற முகம், வெள்ளத் தாடியோட ஒரு பெரியவரு, தொட்டதா தெரியாது, வந்தவன் விழுந்து கெடப்பான். மூணு கூட்டமும் நாங்க பாத்ததுதான் அவருன்னு சொல்லுவாங்க, யாரும் பொய் சொல்லல. 1935ல எடுத்த ஒரு பழைய படச்சுருள் இருக்கு, அதுல ஐம்பத்தி ஒண்ணு, ஐம்பத்தி ரெண்டு வயசு உயெஷிபாவ பாருங்க, அப்புறம் கடைசி காலத்துல எடுத்தத பாருங்க, நான் சொல்றது ஒடனே புரியும்.

அதனால தம்பி, மூணு சீனியரையும் உக்கார வெச்சு யாரு சரின்னு கேக்காதீங்க, எந்த வருஷத்துல கத்துக்கிட்டீங்கன்னு கேளுங்க. அப்ப மாஸ்டருக்கு வயசு என்ன, ஒடம்புல என்ன கொறை, அவரு அப்ப யாருகிட்ட செமினார் போயிட்டு வந்தாரு, இதெல்லாம் சேர்த்துக் கேளுங்க. பாதி சண்டை அங்கயே அடங்கிடும்.

எங்க சண்டைய தீர்த்து வெச்சது அம்மாபேட்டைல தறி வெச்சிருக்கற ஒரு அண்ணன். எங்கள்ல அதிகம் பேசாதவரு, பதினெட்டு வருஷம் மாஸ்டருக்கு உகே, அதாவது டெக்னிக் வாங்கி விழறவரு. எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தப்ப அவரு நடுவுல போயி நின்னு கண்ண மூடிக்கிட்டாரு, ஒவ்வொருத்தரா வந்து கையக் குடுங்க, நான் புடிக்கறேன், திரும்புங்கன்னாரு. நான் போனேன், முழுசா சுத்துனேன். அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு, அடுத்த ஆளுன்னாரு. பழைய ஆளுங்க நாலு பேரு போனோம், புதுப் பசங்க அஞ்சாறு பேரு போனாங்க. கடைசில காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு, மூணாவது கியூ, அதாவது இன்னும் கறுப்பு பெல்ட்டு வாங்காத படி, பாதிக் கால் பேட்ச்சு, அது திரும்புச்சு, அண்ணன் கைய விடவே இல்ல, கண்ணத் தொறந்து பாத்துட்டு, இது அவருன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. என்னம்மா பண்ணனு நாங்க கேட்டோம், அதுக்கு சொல்லத் தெரியல. அண்ணன்தான் சொன்னாரு, எல்லாரும் நான் புடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் திரும்பறீங்க, அது என் பிடி இறுகறதுக்கு முன்னாடியே இடுப்பத் திருப்பிடுச்சு, சுண்டுவிரல் மட்டும் லேசா நீண்டுச்சு, மத்த விரல்ல வேலையே இல்லன்னு. காலு முழுசா பாதியாங்கறது அவரு கைக்குத் தெரியவே இல்ல.

அன்னைல இருந்து எங்க நினைவு நாள் பயிற்சி இப்படித்தான். சீனியருங்க யாரும் டெக்னிக் பண்ணிக் காட்ட மாட்டாங்க, சீனியருங்க கை புடிப்பாங்க, விழுவாங்க. புதுசா சேர்ந்தவங்க நாகேவா, அதாவது டெக்னிக் போடறவங்களா நின்னு போடுவாங்க. மாஸ்டருக்குப் புடிச்ச நாலு அஞ்சு விஷயம் மட்டும்தான், டென்கான், இக்கியோ, ஷிஹோநாகே, இரிமிநாகே, முடிவுல உக்காந்து பண்ற கொக்யூ, அதுவும் முட்டி வலிக்கறவங்க நாற்காலில உக்காந்து பண்ணலாம். ஐகிடோல, டோமிகிங்கற பிரிவத் தவிர, பெரும்பாலும் போட்டியே கெடையாது, ஜெயிச்சுக் காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, அப்புறம் எதுக்கு அந்த நாள்ல மேடை போட்டு பறந்து பறந்து விழணும். பள்ளிக்கூடத்துல டெமோ பண்ணுங்க, பசங்க சேருவாங்க, நல்லதுதான், நினைவு நாளுக்கு வேண்டாம். நான் ஒரு கிளாஸோட நினைவு நாளுக்குப் போயிருக்கேன், பேச்சு ஒண்ணேகால் மணி நேரம், பயிற்சி இருவது நிமிஷம், இறந்து போனவரோட நேரடி சிஷ்யர் ஒருத்தர் கடைசி வரைக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தாரு.

விழறத பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும், ஏன்னா மாஸ்டர் இல்லாத கிளாஸ்ல மொதல்ல கெட்டுப் போறது உகேமி, அதாவது அடிபடாம விழற கலைதான். போடறதுல எல்லாருக்கும் ஆசை, விழறத யாரும் சொல்லிக்குடுக்க மாட்டாங்க. எங்க மாஸ்டர் புது ஆளுக்கு மொத ஒரு மாசம் வேற எதுவுமே குடுக்க மாட்டாரு. உக்காந்த நிலைல தாடைய நெஞ்சுல ஒட்டி பின்னாடி உருளு, அது வந்ததுக்கு அப்புறம் ஒரு முட்டி போட்டு முன்னாடி உருளு, சுண்டுவிரல் ஓரத்துல ஆரம்பிச்சு முழங்கை, தோளு, முதுகுல குறுக்கால போயி எதிர்ப்பக்க இடுப்புல முடியணும், தலை தரையத் தொடக்கூடாது, சத்தம் வரக்கூடாது. அவரு கண்ண மூடிக்கிட்டு சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு நிப்பாரு, தொம்முன்னு கேட்டா தோள்பட்டை முட்டுது, திரும்பப் பண்ணுன்னு சொல்வாரு. நிக்கியோங்கற மணிக்கட்டுப் பூட்ட மொத தடவ சொல்லிக்குடுக்கறப்ப மணிக்கட்டு உயிர் போற மாதிரி வலிக்கும்னு ஒங்களுக்கே தெரியும், அவரு புதுப் பையன்கிட்ட தன்னோட கையக் குடுத்து போடச் சொல்லுவாரு, வலி வர்றதுக்கு முன்னாடியே இன்னொரு கையால தரையில தட் தட்டுன்னு ரெண்டு தட்டு தட்டுவாரு. தட்டுனா விட்டுடணும்ங்கறத அந்தப் பையன் அப்பவே கத்துக்குவான், தானும் தட்டலாம், அது அவமானம் இல்லன்னும் கத்துக்குவான். சீனியர்கள்ல யாரு இப்படி கையக் குடுக்கறாங்களோ அவங்கள புதுசுங்களுக்கு கிளாஸ் எடுக்க விடுங்க, பெல்ட்ட பாக்காதீங்க.

நாங்க முதல் ரெண்டு வருஷம் கிழமைக்கு ஒருத்தர்னு பிரிச்சுக்கிட்டோம், செவ்வா ஒருத்தர், வியாழன் ஒருத்தர், ஞாயிறு எல்லாரும். அவங்கவங்க கிழமைல அவங்கவங்க பாணி, மத்தவங்க வெள்ளை பெல்ட்டு மாதிரி நின்னு சொன்னத செய்யணும், நடுவுல திருத்தக் கூடாது. இந்த ஒரு விதி போதும்.

கிரேடிங் விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. டோக்கியோ தலைமை டோஜோவோட தொடர்புல இருக்கற கிளாஸ்னா டான், அதாவது கறுப்பு பெல்ட்டு சான்றிதழ் அங்க இருந்துதான் வரணும், அதுக்கு தகுதி உள்ள மூத்தவர் ஒருத்தர் பரீட்சை வெச்சு பரிந்துரைக்கணும். மாஸ்டர் போனதும் அந்தக் கயிறு அறுந்துடும். அவரு யாரு கீழ இருந்தாரோ அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதி நடந்தத சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு தடவயாவது வெளிய இருந்து மூத்தவர கூப்புடுங்க இல்ல நீங்க பஸ் ஏறிப் போங்க. நாங்க முதல் மூணு வருஷம் யாருக்கும் எந்த கிரேடும் குடுக்கல, ஒருத்தரும் அதுக்காக நிக்கல.

ஒரு நோட்டு போடுங்க. இத நான் அழுத்தி சொல்றேன். மாஸ்டர் சொன்னத எல்லாரும் எழுதணும், ஆனா எந்த வருஷம், யாருகிட்ட சொன்னாருங்கறத சேர்த்து எழுதணும். எங்க நோட்டுல ஒரு பக்கத்துல குனியாத, நிமிருன்னு இருக்கு, அடுத்த பக்கத்துல இன்னும் எறங்கு, இடுப்பக் கீழ கொண்டு வான்னு இருக்கு. மொதல்ல நாங்களே குழம்புனோம், பேரப் பாத்தா புரிஞ்சுது, ஒண்ணு குள்ளமான பையனுக்கு சொன்னது, அவன் பயத்துல சுருங்கி நிப்பான், இன்னொண்ணு ஆறடி ஆளுக்கு. ஒருத்தருக்கு எழுதுன மருந்துச் சீட்ட ஊருக்கே குடுத்தா என்ன ஆகும். மாஸ்டர் சொன்னாருன்னு ஒருத்தர் வாக்குவாதம் பண்ணா, யாருக்கு சொன்னாருன்னு கேட்டு அந்தப் பக்கத்த தொறந்து காட்டுங்க. வீடியோ வெச்சிருக்கறவங்க எல்லார்கிட்டயும் வாங்கி தேதி போட்டு ஒரு ஹார்ட் டிஸ்க்ல வைங்க, போனு தொலைஞ்சா அவ்வளவுதான்.

நினைவு நாளுக்கு நாங்க இப்ப ஹாலே புடிக்கறது இல்ல. மொத நாளு ராத்திரியே மேல போயிடுவோம், மாஸ்டர் வீட்டுக்குப் பின்னாடி காபிச் செடிக்கு நடுவுல சில்வர் ஓக் நிக்கற ஒரு களம் இருக்கு, காபிக் கொட்ட காய வெக்கற எடம், அதுல விடியறப்ப எல்லாரும் வரிசையா நின்னு ஜோ எடுப்போம். சைடோ தொகுத்துக் குடுத்த அந்த 31 அசைவு கட்டா, அதாவது வரிசையா பண்ற பயிற்சி, பேசாம மூணு தடவ. மார்கழி, தை மாசம்னா பக்கத்துல நிக்கறவங்க கம்பு நுனி கூட பனில தெரியாது, சத்தத்த வெச்சுத்தான் ஒண்ணா பண்ணணும், ஜோ கையில வழுக்கிப் போற சத்தம். சிலம்பம் ஆடுன பசங்களுக்கு இது பழக கொஞ்சம் நாளாகும், அது நெத்தி ஒசரக் கம்பு, சுழலும், இது நாலடிக்கு கொஞ்சம் மேல, சுமார் 128 சென்டிமீட்டர், உள்ளங்கைல வழுக்கி முன்னயும் பின்னயும் போகணும்.

அது முடிஞ்சதும் அம்மா உள்ள இருந்து மாஸ்டரோட ஹகாமாவ, பயிற்சில உடுத்தற மடிப்பு வெச்ச அகலமான கீழுடுப்ப, எடுத்துட்டு வருவாங்க. ஹகாமா மடிக்கத் தெரியும்தானே, முன்னாடி அஞ்சு மடிப்பு, பின்னாடி ரெண்டு. கிளாஸ் முடிஞ்சதும் வாத்தியாரோட ஹகாமாவ சிஷ்யர்கள் மடிச்சுக் குடுக்கறது பழக்கம், எங்க மாஸ்டர் அத யாரையும் செய்ய விட்டதே இல்ல, அவரே முட்டிய நீட்டி உக்காந்து மெதுவா மடிப்பாரு. கருநீலம், முட்டி பக்கத்துல வெளுத்து சாம்பல் மாதிரி ஆயிருக்கும், ஒரு எடத்துல அம்மா தையல் போட்டிருக்காங்க, நாடா ஓரத்துல வேர்வ உப்பு இன்னும் வெள்ளையா கோடு போட்டிருக்கு, அம்மா அத தொவைக்கல. அந்த வருஷம் புதுசா சேர்ந்தவங்கள்ல வயசுல சின்னவங்க அத விரிச்சு மடிக்கணும், அவரப் பாக்காத புள்ளைங்க. போன வருஷம் பதினோரு வயசு பையன், நாடாவ குறுக்கால மடிக்கறப்ப தப்பாயிடுச்சு, பிரிச்சு திரும்ப மடிச்சான், அம்மா பக்கத்துல உக்காந்து இந்த மடிப்பு மேல வரணும் சாமின்னு விரல வெச்சுக் காட்டுனாங்க, முப்பது பேரும் அவன் முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்தோம். அப்புறம் இட்லி, காபி, ஒரு ஆளுக்கு மாஸ்டர பத்தி ஒரு ஞாபகம், ரெண்டு நிமிஷத்துக்கு மேல யாரும் பேசக்கூடாது. ஒம்பது வருஷத்துல ஒரு தடவ கேட்ட கதை இன்னும் திரும்ப வரல.

உங்க கிளாஸுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க, உங்க மாஸ்டர் எங்க மாஸ்டர் இல்ல. அவரு எந்த நேரத்துக்கு வருவாரு, எதத் தானே செஞ்சுக்குவாரு, யாரையும் தொட விடாம எத வெச்சிருந்தாருன்னு வீட்டுல கேளுங்க, அதுல இருந்து ஆரம்பிங்க. நின்னுபோன பசங்களுக்கு மெசேஜ் போடாதீங்க, போன் பண்ணி கூப்புடுங்க. மேட்டு பத்தலைன்னா சொல்லுங்க, எங்ககிட்ட 40 மில்லிமீட்டர் கனத்துல 12 மேட்டு சும்மா இருக்கு, தறிக்கார அண்ணன்கிட்ட வண்டி இருக்கு, மொத நாளு சாயங்காலமே கொண்டு வந்து போட்டுடறோம். நாங்க ஒரு அஞ்சாறு பேரு வர்றோம், கை புடிக்கறதுக்கு.